இணையவழி உளவளத்துணைக்கு வெளிக்கிடும் ஆண்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரனின் குறிப்புகள்

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என் கடைக்கு வரும் ஆண்களில் ஒரு பகுதியினர் என்ன கேட்பார்கள் என்பதை அவர்கள் வாய் திறக்குமுன்பே சொல்லிவிடுவேன். தலையிடிக்கு ஒரு கார்ட் பனடோல், நெஞ்செரிவுக்கு ஏதாவது, வாயுவுக்கு ஏதாவது. காசு கொடுத்து மிச்சம் வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் குழந்தைப் பால்மாவைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடையில் வேறு ஆள் இல்லை என்று உறுதியானதும் குரல் தாழும்: "நித்திரை வருவதற்கு ஒரு குளிசை தரலாமா?" வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் அதைத் தர எனக்கு அனுமதி இல்லை. "எத்தனை நாளாக நித்திரை இல்லை?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லத் தொடங்குபவர்களில் சிலர் அடுத்த ஆள் கடைக்குள் வரும்வரை நிறுத்துவதில்லை.

யாழ்ப்பாணத்து ஆண்கள் கதைக்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சனசமூக நிலையத்து வாங்கிலும் ஒழுங்கை முகப்பு மதகிலும் மணிக்கணக்காகக் கதைப்போம். உக்ரைன் போர், மாகாண சபைத் தேர்தல், வெங்காய விலை, யாருடைய மகனுக்கு எந்த நாட்டு விசா விழுந்தது, எல்லாம் வரும். ஒருவன் தன்னைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டால் மட்டும் சுற்றியிருக்கும் நான்கு பேரும் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "நானென்றால்..." என்று ஆரம்பிக்கும் புத்தி. அதைக் கேட்டவன் அடுத்த தடவை வெங்காய விலையோடு நிறுத்திக்கொள்வான். புத்தி சொல்லாத ஒருவரோடு ஒரு மணித்தியாலம் இருப்பதற்குத்தான் எங்களுக்கு வழியில்லை. அந்த மணித்தியாலத்துக்குப் பெயர் உளவளத்துணை, ஆங்கிலத்தில் கவுன்சலிங். அதைக் கைத்தொலைபேசியில் எப்படித் தேடிக்கொள்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

என் தொழில் மருந்து கொடுப்பது, உளவளத்துணை அன்று. ரொறன்ரோவில் இருந்த அண்ணன் காலமானபோது எனக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் சாமம் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் இருக்கும் ஓர் உளவளத்துணையாளரோடு வாரத்துக்கு ஒரு தடவை இணையவழியாகக் கதைத்தேன். அதில் அறிந்ததும், கடை மேசைக்கு மறுபக்கம் நின்று மற்றவர்கள் சொன்னதும்தான் கீழே இருப்பவை. சொன்னவர்கள் யார் என்று ஊகிக்க முடியாதபடி விவரங்களைக் கலந்துவிட்டிருக்கிறேன். ஊகிக்க முயலவும் வேண்டாம்.

முதலில் இரத்தப் பரிசோதனை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோர்வு, எரிச்சல், நித்திரையின்மை ஆகியவற்றுக்கு நீரிழிவு, தைரொயிட், இரத்தச்சோகை என்று உடம்பிலும் காரணங்கள் இருக்கலாம். வைத்தியரிடம் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். ஏற்கெனவே போடும் குளிசைகளின் பெயர்களையும் காட்டுங்கள். சில மருந்துகள் நித்திரையைக் குழப்பும். இரவில் "ஒரு சொட்டு" எடுத்தால் நித்திரை வருகிறது என்பவர்களுக்கு ஒன்று: மது கண்ணை மூடவைக்கும், ஆனால் இரவின் பின்பாதி நித்திரையைக் கெடுக்கும். மூன்று மணி விழிப்புக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

பரிசோதனை அறிக்கை நன்றாக வந்தும் உடம்பு சரியில்லை என்றால் மனதைப் பார்க்கவேண்டும். ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வராமல் சினமாக வருவதும் உண்டு. பிள்ளையின் கொப்பியைத் தூக்கி எறிதல், மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுதல், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்விடுதல், முதுகுவலி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனம் துயரத்தை உடம்பால் சொல்வதைப் பற்றி எழுதும்போது பெருமூச்சையும் குறிப்பிட்டிருக்கிறார். என் கடை மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை பெருமூச்சு விழுகிறது என்று எண்ணினால் வியாபாரம் நடக்காது.

நபர் மைய வழி என்றால் என்ன

உளவளத்துணையில் பல வழிகள் உண்டு. சிலவற்றில் வீட்டுவேலை தருவார்கள், எண்ணங்களை அட்டவணை போடச் சொல்வார்கள். நான் போனது நபர் மைய வழி. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் (1902–1987) வகுத்தது. பல்கலைக்கழகத்தில் முதலில் விவசாயம் படிக்கப்போன மனிதர் அவர். சிறுவயதில் வீட்டு நிலவறையில் போட்டுவைத்த உருளைக்கிழங்குகள், உயரத்தில் இருந்த சின்ன யன்னல் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதை முதுமையிலும் நினைவுகூர்ந்து எழுதினார். கிழங்கு எந்தப் பக்கம் முளைக்கவேண்டும் என்று யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை. மனிதனுக்குள்ளும் அப்படியொரு நாட்டம் இருக்கிறது, தேவையானது ஏற்ற சூழல் மட்டுமே என்பது அவர் கருத்து. உருளைக்கிழங்கு நடும் ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்தச் சூழல் எப்படி இருக்கவேண்டும் என்று 1957இல் ஒரு கட்டுரையில் ஆறு நிபந்தனைகளாக எழுதினார். அவற்றில் மூன்று உளவளத்துணையாளரின் பொறுப்பு. அவர் நடிக்கக்கூடாது, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கக்கூடாது. நீங்கள் என்ன சொன்னாலும் உங்கள்மேல் உள்ள மதிப்பைக் குறைக்கக்கூடாது. குடித்ததைச் சொன்னாலும், மனைவியை ஏசியதைச் சொன்னாலும், செத்தவீட்டில் அழுகை வரவில்லை என்று சொன்னாலும். மூன்றாவது, உங்கள் நிலைமையை உங்கள் கண்ணால் பார்க்க முயலவேண்டும். உங்கள் செய்கை சரியென்று அவர் ஒப்புக்கொள்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான்.

இதெல்லாம் சண்டை காணாத நாட்டுச் சனத்துக்குச் சரிவரும் என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். ரொஜர்ஸ் 1970களின் தொடக்கத்தில் பெல்பாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்தினரையும் ஒரே அறையில் இருத்திக் கதைக்கவிட்டவர் என்று சொன்னேன். வாதம் தீரவில்லை. ஆனால் அவர் அடுத்த கிழமையும் வந்தார், பனடோல் வாங்காமல்.

ஆளைத் தேடுவது

இணையவழியின் பெரிய நன்மை தூரம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் எந்த அறைக்குள் நுழைந்தாலும், அங்கே இருப்பவர் உங்கள் மாமியின் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கக்கூடும். வாசலில் உங்கள் சைக்கிளை அடையாளம் காண ஒருவர் இருப்பார். மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவருக்கு உங்கள் ஒழுங்கையைத் தெரியாது.

செலவில்லாமல் தொடங்க விரும்பினால், பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாக இயங்கும் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது. தொலைபேசியிலோ இணையத்திலோ கதைக்க ஒழுங்கு உண்டா என்று அழைத்துக் கேளுங்கள். புலம்பெயர் நாட்டில் இருக்கும் தமிழ் உளவளத்துணையாளரைத் தேடினால் பதிவைச் சரிபாருங்கள். பிரித்தானியாவில் உளவளத்துணையாளர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்குள்ள தொழில்சார் சங்கங்களின் பதிவேடுகளில் பெயரைத் தேடிப்பார்க்க முடியும். கனடாவின் ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளர்களை ஒழுங்குபடுத்தச் சட்டப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பதிவேடும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இலங்கையில் இருக்கும் ஒருவரோடு வேலை செய்ய அவர்களுடைய பதிவும் காப்புறுதியும் இடம்கொடுக்கின்றனவா என்றும் கேட்டுவிடுங்கள். நேரத்தையும் கணக்குப் போடவேண்டும்: கோடையில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே மணிக்கூட்டை மாற்றும் கிழமையில் சந்திப்புத் தவறுவது வழக்கம்.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை: எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார்? தன் வேலையைப் பற்றிக் கலந்துபேச அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? அமர்வு எவ்வளவு நேரம்? (ஐம்பது நிமிடம் பொதுவான வழக்கம்.) ஒலிப்பதிவு செய்வாரா? இணைப்பு அறுந்தால் யார் திருப்பி எடுப்பது? நீங்கள் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வார்? கடைசிக் கேள்விக்கு "ஒருபோதும் சொல்லமாட்டேன்" என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு ஆபத்து என்று வந்தால் இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முறையாகப் பயின்றவர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

இன்னொரு சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு. "எந்த ஊர், யாருடைய மகன், அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்று ஒருவர் தோண்டத் தொடங்கினால், அந்தத் தோண்டல் எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நன்றி சொல்லி அழைப்பைத் துண்டியுங்கள். பத்து நிமிடத்துக்குள் விரதம் பிடிக்கச் சொல்பவருக்கும், செபக்கூட்டத்துக்கு அழைப்பவருக்கும் அதுவே மரியாதை. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போக எங்களுக்கு வழி தெரியும்.

எங்கே இருந்து கதைப்பது

பெரும்பாலானவர்களின் முயற்சி நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

எங்கள் வீடுகளில் அறைக்குக் கதவு இருந்தாலும் பகலில் அதைச் சாத்துவதில்லை, திரைச்சீலைதான் தொங்கும். விறாந்தையில் அம்மா. படலையைத் திறந்துகொண்டு முன்னறிவித்தல் இல்லாமல் வரும் சித்தப்பா. கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பவர்கள். கதவைப் பூட்டினால் ஐந்து நிமிடத்தில் யாராவது தட்டிச் சுகமில்லையா என்று கேட்பார்கள்.

இயர்போன் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்வதுதான் உங்கள் காதோடு நிற்கும். நீங்கள் சொல்வது பக்கத்து வளவுவரை போகும். கதவடியில் ஒரு மேசை மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க ஓடவிட்டால் அந்த இரைச்சல் உங்கள் குரலை ஓரளவு மறைக்கும். மின்விசிறியை மைக்குக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டாம்.

நான் கடையின் பின்பக்கக் களஞ்சிய அறையில் இருந்து கதைத்தேன். எட்டு மணிக்குச் சட்டரை இறக்கிவிட்டு, இரண்டு ஜீவனிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே கைத்தொலைபேசியைச் சாய்த்துவைப்பேன். இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி சிறிது நேரத்துக்கு ஒரு தடவை உறுமி நிற்கும். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, "அங்கே இடி முழங்குகிறதா ஐயா?" என்று உளவளத்துணையாளர் கேட்டார். பெட்டியை நிறுத்த முடியாது, இன்சுலின் பழுதாகிவிடும். ஆகவே அதுவும் எங்களோடு இருந்தது.

மற்றவர்கள் கண்டுபிடித்த இடங்களையும் சொல்கிறேன். ஒரு தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கும் மோட்டர் கொட்டிலில் இருந்து கதைத்தார். மோட்டரை ஓடவிட்டால் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்கிறார், உளவளத்துணையாளருக்கும் கேட்கவில்லை. பிறகு இறைப்பு முடிந்து மோட்டரை நிறுத்திய பிற்பாடு நேரம் ஒதுக்கிக்கொண்டார். ஆட்டோ ஓட்டும் ஒருவர் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டுத் தொடங்கினார். தெரிந்த ஓட்டுநர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து நலம் விசாரித்தார்கள். போதாததற்குக் கடற்காற்று மைக்கில் விழுந்து அவருடைய கதை முழுவதும் உஸ்ஸென்ற சத்தமாகத்தான் மறுமுனைக்குப் போனது. கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை: சொந்த வீட்டு வாசலிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருக்கலாம். ஓடிக்கொண்டு மட்டும் கதைக்கவேண்டாம். கோயில் வீதி, நூலகம், கொமினிகேசன் கடை மூன்றும் வேண்டாம்.

வீடியோ அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்கு மேலும் டேட்டா தின்னக்கூடும். ரீலோட் குறைவாக இருந்தால் குரல் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். முகம் காட்டாமல் கதைப்பது சில ஆண்களுக்கு இலகுவாகவும் இருக்கிறது. மகள் ரியூசன் வகுப்புக்கு எடுக்கும் அதே தொலைபேசி என்றால், பூட்டுத் திரையில் செய்தியின் வரிகள் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் தனி உரையாடலுக்குப் பூட்டுப் போடும் வசதியும் இருக்கிறது.

வீட்டில் என்ன சொல்வது

நடுத்தர வயது ஆண் ஒருவன் வாரத்துக்கு ஒரு தடவை, இரவில், ஒதுக்குப்புறமாக, ஒரு பெண்ணோடு ஐம்பது நிமிடம் தாழ்ந்த குரலில் கதைத்தால் மனைவி என்ன நினைப்பார்? உளவளத்துணை என்று நினைக்கமாட்டார். ஒரு வீட்டில் இது பெரிய சண்டையாகி, பிறகு உண்மையைச் சொன்னபோது அதை நம்பவைப்பதற்கே இரண்டு தரப்பு உறவினர்களும் கூடவேண்டியிருந்தது. எண்ணை "சிமெந்துக் கடை" என்று சேமித்து வைத்திருந்தது வழக்கை இன்னும் பழுதாக்கியது. தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்: "நித்திரை இல்லை, யோசனையாக இருக்கிறது, ஒருவரோடு கதைக்கப்போகிறேன்." அவ்வளவு போதும். என்ன கதைத்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒப்புவிக்கவேண்டியதில்லை.

அம்மாவுக்குச் சொல்லவேண்டுமா என்பது உங்கள் அம்மாவைப் பொறுத்தது. என் அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் மறுநாள் நல்லூரில் அர்ச்சனை நடந்திருக்கும், ஊருக்கும் செய்தி போயிருக்கும்.

முதல் அமர்வு

மருந்து போட்டுக்கொடுக்கும் சின்னக் கடதாசி உறையின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டு போனேன். அதில் எதுவும் பெரிய விஷயமில்லை. விழிப்பு வரும் நேரம், சாப்பாடு எப்படி, யாரோடு கடைசியாகச் சிரித்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் உடம்பிலிருந்து தொடங்கலாம். "எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை" என்பதையே முதல் வசனமாகச் சொன்னாலும் போதும், அவர் அதைப் பிடித்துக்கொள்வார். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்ததிலிருந்தோ 2009 இறுதிப் போரிலிருந்தோ வரிசையாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவை வரவேண்டிய நேரத்தில் வரும், வராமலும் போகலாம். கேட்காததைத் தோண்டுவது இந்த வழியில் இல்லை.

இடையில் மௌனம் வரும். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவோம். "நான் இருக்கிறேன்" என்று அவர் சொல்வார். அந்த மௌனத்தை நிரப்ப வெங்காய விலைக்குப் போகவேண்டாம். அழுகை வரும்போது சிரித்துவிடுவதும் எங்கள் பழக்கம். பெரும்பாலும் அவர் அதைக் கவனித்துவிடுவார். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். குடித்துவிட்டு அமர்வுக்கு வரவேண்டாம். மாலையில் குடிப்பவர் என்றால் காலை நேரத்தைக் கேளுங்கள். முடிந்த கையோடு வீட்டுக்குள் போகாமல் ஒரு கால் மணித்தியாலம் தனியாக இருந்துவிட்டுப் போங்கள்.

புத்தி சொல்லாததால் வரும் கோபம்

இரண்டாம், மூன்றாம் அமர்வில் பலருக்கு எரிச்சல் வரும். காசும் கட்டி, நாமே கதைத்து, நாமே முடிவும் எடுப்பதென்றால் இவர் எதற்கு? என்னிடமும் இந்தக் கேள்வி வந்தது. அண்ணனின் பெயரில் இருந்த எங்கள் பிறந்த வளவை விற்கச் சொல்லி அவருடைய பிள்ளைகள் கனடாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் என் அலுமாரியில் இருந்தது. விற்கச் சொல்லிப் பாதிப் பேர், விற்றால் பாவம் என்று மீதிப் பேர். ஓர் இரவு பொறுமை போய்விட்டது.

"மிஸ், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விற்கவா, வேண்டாமா?"

உடனே பதில் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டி ஒரு தடவை உறுமி நின்றது.

"நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் ஐயாவுக்குப் பாரம் இறங்கும் போல இருக்கிறது."

"பாரம் இறங்காது. மிஸ் சொன்னதால் செய்தேன் என்று நாளைக்குச் சாட்டுச் சொல்லலாம்."

"சாட்டு... யாருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது?"

யாருக்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவரோடு இனிமேல் தொலைபேசியில்கூடக் கதைக்க முடியாது. வளவு விற்பனையைப் பற்றித்தான் மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்ததாக நான் நினைத்திருந்தேன். அன்றிரவு வளவைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அண்ணனைப் பற்றித்தான் கதைத்தேன்.

ஆகவே எரிச்சல் வந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். "நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கோபமாக இருக்கிறது" என்று நேராகவே சொல்லலாம். மரியாதைக்காக மறைத்துவைத்து, மதகில் வந்து திட்டுவதில் பயனில்லை. நல்லவர் என்றால் உங்கள் கோபத்தைக் கேட்டு முகம் கறுக்கமாட்டார். தகவல் வேண்டுமென்றால் தாராளமாகக் கேட்கலாம்: எந்த வைத்தியரைப் பார்ப்பது, எங்கே போவது என்பவற்றுக்குப் பதில் சொல்வார். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவைத்தான் தன் கையில் எடுக்கமாட்டார். இதற்குப் பிறகும் அந்த ஆள் பொருந்தவில்லை என்றால் மாற்றுங்கள். அடுத்த ஆளிடம், வீட்டுவேலை தந்து படிப்படியாக வழிநடத்தும் முறை தெரியுமா என்று கேளுங்கள். சிலருக்கு அதுதான் ஒத்துவருகிறது.

இணையம் போதாத நேரங்கள்

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நிச்சயம், நாள்கணக்கில் நித்திரையே இல்லாத துள்ளல் ஆகியவற்றுக்கு உளமருத்துவர் வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் வீராப்பில் ஒரே நாளில் நிறுத்தவேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வந்து உயிராபத்தாகலாம், வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்தவேண்டும். மனச்சோர்வுக்கு எழுதித்தரும் குளிசைகள் வேலை காட்டச் சில கிழமைகள் செல்லும். நான்கு நாள் போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று மிச்சத்தை என்னிடம் திருப்பித் தர வருகிறார்கள். திருப்பி எடுக்கமாட்டேன். சுகம் வந்ததும் தாமாக நிறுத்துவதும் கூடாது. குளிசையும் உளவளத்துணையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை, சேர்ந்தே போகலாம்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்கவேண்டாம். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, நாள் முழுவதும் அழைக்கலாம். 1333 இன்னொரு இலவச ஆலோசனை இலக்கம். உடனடி ஆபத்து என்றால் அம்புலன்ஸ் 1990. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள். தோட்டத்து நஞ்சுப் போத்தல்களையும் வீட்டில் சேர்ந்துகிடக்கும் குளிசைகளையும் அவரிடம் கொடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்னணியில் இருந்தது. 1995இலும் 1998இலும் கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு அந்த வீதம் வெகுவாகக் குறைந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால் எத்தனையோ பேர் அந்தக் கெட்ட மணித்தியாலத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

கட்டணமும் நிறுத்துவதும்

கட்டணத்தை வெட்கப்படாமல் முதலிலேயே பேசுங்கள். வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பவர்கள் உண்டு, கேட்டால்தான் தெரியும். வாரம் ஒரு தடவை கட்ட முடியாவிட்டால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி கட்டுகிறேன் என்றால் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். கட்டுபவர் அறிக்கை கேட்கக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். அண்ணன்மார் கட்டினால் கேட்பார்கள்.

ஏழெட்டு அமர்வுக்குப் பிறகு எப்படிப் போகிறது என்று அவரோடு சேர்ந்து ஒரு தடவை பாருங்கள். நித்திரை வந்துவிட்டது, இனித் தேவையில்லை என்று தோன்றினால் வட்ஸ்அப்பில் பதில் போடாமல் மறைந்துவிடவேண்டாம். எங்கள் ஆண்களில் பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். கடைசியாக ஓர் அமர்வு கேட்டு, அதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லிக்கொள்ளாமல் போன மனிதர்களைப் பற்றிக் கதைக்கத்தான் எங்களில் பலர் அங்கே போகிறோம், ஆகவே அந்த அமர்வுக்குக் கட்டும் காசு வீணாகாது. மறுபடி மூன்று மணி விழிப்புத் தொடங்கினால் அதே ஆளிடம் திரும்பப் போகலாம். திரும்பி வருபவரிடம் முதலிலிருந்து கதை கேட்கமாட்டார்கள்.